வீட்டுக்குத் தரை போடப் போறீங்களா? ‘நேச்சுரல்’ என்று சொன்னதுமே நம்பிடாதீங்க... கவனிக்க வேண்டியது என்ன?

சுவருக்கு அடித்த பெயின்ட் பிடிக்கவில்லை என்றால் அடுத்த பொங்கலுக்கு மாற்றிவிடலாம். தரை அப்படி இல்லை. ஒருமுறை போட்டால் 20, 30 வருஷத்துக்கு அதன் மேல்தான் நடந்தாக வேண்டும். மாற்ற நினைத்தால் உடைப்புக் கூலி, தூசி, லாரி கணக்கில் இடிபாடு என்று செலவு ஏறிக்கொண்டே போகும்.

இப்போது டைல்ஸ் கடைகளில் ‘நேச்சுரல்’, ‘எக்கோ ஃப்ரெண்ட்லி’ என்ற வார்த்தைகள் அதிகம் காதில் விழுகின்றன. ஆனால், இயற்கையில் கிடைப்பதாலேயே ஒரு பொருள் சுற்றுச்சூழலுக்கு நல்லதாகிவிடுமா?

கிரானைட் இயற்கைதானே?

ஆமாம், கிரானைட் இயற்கையான கல்தான். பல தலைமுறைக்கு உழைக்கும். ஆனால், அதற்காக வெட்டப்பட்ட மலை திரும்ப வளராது. மதுரை மாவட்டத்தில் நடந்த கிரானைட் குவாரி முறைகேடு புகார்களை விசாரிக்க, 2014-ல் ஐஏஎஸ் அதிகாரி சகாயத்தை சென்னை உயர் நீதிமன்றம் நியமித்தது பலருக்கும் நினைவிருக்கும்.

எடையையும் பாருங்க. 1,000 சதுர அடிக்கு 18 மில்லிமீட்டர் கிரானைட் போட்டால், கல் மட்டுமே சுமார் நாலரை டன் வரும். அதை எவ்வளவு தூரத்திலிருந்து லாரியில் ஏற்றி வருகிறோம் என்பதும் கணக்கில் சேரும்.

அப்போ விட்ரிஃபைடு டைல்ஸ்? எடை குறைவு, கறை பிடிக்காது. ஆனால், சுமார் 1,200 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுட்டு எடுக்கப்படுவது. நாட்டின் பெரிய டைல்ஸ் உற்பத்தி மையம் குஜராத்தின் மோர்பி. அங்கிருந்து தமிழ்நாட்டுக்கு வர 1,500 கிலோமீட்டருக்கும் மேல் பயணம்.

ஆகவே பொருளின் பெயரை விட நான்கு விஷயங்கள் முக்கியம்: எங்கிருந்து வருகிறது, எவ்வளவு சூடாக்கித் தயாரிக்கிறார்கள், எதை வைத்து ஒட்டுகிறார்கள், எத்தனை வருஷம் தாங்கும்.

சூளைக்கே போகாத ஆத்தங்குடி

சிவகங்கை மாவட்டம் ஆத்தங்குடியில் செய்யப்படும் டைல்ஸை சூளையில் சுடுவதில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் டிசைன் அச்சை வைத்து, வண்ணக் கலவையைக் கையால் ஊற்றுகிறார்கள். அதன் மேல் மணலும் சிமென்ட்டும் போட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறவைத்துக் காயவிடுகிறார்கள். கண்ணாடியில் படிந்த பக்கம்தான் தரையின் பளபளப்பு.

இதிலும் சிமென்ட் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. உலகின் மொத்த கார்பன் டை ஆக்சைடு வெளியேற்றத்தில் சுமார் 7 முதல் 8 சதவீதம் சிமென்ட் தயாரிப்பில் இருந்து வருகிறது. ஆனாலும் டைல்ஸுக்கென்று தனியாகச் சூளை எரிப்பதில்லை, கூலி உள்ளூர் கைவினைஞருக்கே போகிறது என்பது இதன் பலம். ஆசிட் மட்டும் இதற்கு ஆகவே ஆகாது. சோப்புத் தண்ணீரில் துடைத்தால் போதும்.

பாட்டி வீட்டு ரெட் ஆக்சைடு

சிமென்ட்டோடு இரும்பு ஆக்சைடு நிறமி கலந்து, கொத்தனார் கையாலேயே தேய்த்து மெருகேற்றும் தரை இது. இணைப்புக் கோடு இல்லை, நடக்க நடக்கப் பளபளப்பு கூடும், வெயில் காலத்தில் காலுக்குக் குளுமை.

சிக்கல் வேலையில்தான். கலவை விகிதமோ, தண்ணீர் விட்டு ஈரம் காக்கும் நாட்களோ தவறினால் விரிசல் விடும். விரிசலை அடைத்தாலும் அதே நிறம் வராது. அதனால் கொத்தனார் ஏற்கெனவே போட்ட ஒரு தரையை நேரில் பார்த்துவிட்டு வேலையைக் கொடுங்க.

கடப்பா, கோட்டா, டெரகோட்டா

கடப்பா கல் பக்கத்து மாநிலமான ஆந்திராவிலிருந்து வருகிறது. கோட்டா கல் ராஜஸ்தானிலிருந்து வருகிறது. இரண்டுமே சுண்ணாம்புக்கல் வகை. அதிகம் உழைக்கும், தேய்ந்தால் மறுபடி பாலீஷ் போடலாம். ஆனால், எலுமிச்சைச் சாறு, புளிக்கரைசல், பாத்ரூம் ஆசிட் பட்டால் மங்கிவிடும்.

டெரகோட்டா சுட்ட மண். விட்ரிஃபைடு டைல்ஸை விடக் குறைந்த வெப்பத்தில் சுடப்படுவது. தண்ணீரையும் எண்ணெயையும் உறிஞ்சும் என்பதால் சமையலறையைத் தவிர்த்து, திண்ணை, முற்றம், வராந்தாவுக்குப் பயன்படுத்தலாம்.

மூங்கில், கார்க், லினோலியம்

மூங்கில் மரமல்ல, புல் இனம். நட்ட பிறகு வெட்ட வெட்டத் திரும்ப முளைக்கும். ஆனால், மூங்கில் பலகை என்பது பட்டைகளைப் பசையால் ஒட்டி அழுத்தியது. அந்தப் பசையில் ஃபார்மால்டிஹைடு அதிகம் இருந்தால் வீட்டுக்குள் காற்று கெடும். அதன் அளவு பற்றிய சான்றிதழைக் கடையில் கேட்டு வாங்குங்க.

கார்க், ஓக் மரத்தின் பட்டை. மரத்தை வெட்டாமல் சுமார் 9 வருஷத்துக்கு ஒருமுறை உரித்து எடுக்கிறார்கள். ஆனால், உலகில் அதிகம் விளைவது போர்ச்சுகலில். நமக்கு வந்து சேரக் கடல் கடக்க வேண்டும்.

லினோலியம் என்ற பெயரில் நம்ம ஊர்க் கடைகளில் பெரும்பாலும் விற்பது பிவிசி விரிப்பு, அதாவது பிளாஸ்டிக். உண்மையான லினோலியம் ஆளிவிதை எண்ணெய், கார்க் தூள், சணல் கொண்டு செய்வது. பெயரைப் பார்த்து ஏமாறாதீங்க.

பழைய மொசைக்கை உடைக்கும் முன்...

30, 40 வருஷத்துக்கு முன் கட்டிய பல வீடுகளில் மொசைக் தரை இருக்கும். மங்கலாகிவிட்டது என்று அதை உடைத்துவிட்டுப் புது டைல்ஸ் போடுகிறார்கள். தரை உள்வாங்காமல், பெரிய விரிசல் இல்லாமல் இருந்தால், மெஷின் பாலீஷ் போட்டாலே பழைய பளபளப்பு திரும்பிவிடும். புதிதாகக் கல் வெட்ட வேண்டாம், சூளை எரிக்க வேண்டாம், இடிபாடும் இல்லை. ஏற்கெனவே இருக்கிற தரையைக் காப்பாற்றுவதை விடச் சுற்றுச்சூழலுக்கு நல்ல தரை வேறு இல்லை.

வாங்கும் முன் இதைச் செய்யுங்க

* சாம்பிள் துண்டு ஒன்றை வீட்டுக்குக் கொண்டு வாங்க. ஒரு ஓரத்தில் எலுமிச்சைச் சாறு, இன்னொரு ஓரத்தில் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி விட்டுப் பாருங்க. உங்க சமையலறைக்கு ஒத்துவருமா என்பது காலையில் தெரிந்துவிடும்.

* அதே துண்டில் தண்ணீர் தெளித்து, ஈரக்கையால் அழுத்தித் தேய்த்துப் பாருங்க. வழுக்கினால் வயசானவர்கள் இருக்கும் வீட்டுக்கு வேண்டாம். பாத்ரூமுக்கும் வெளிவாசலுக்கும் சொரசொரப்பான ஃபினிஷ்தான் பாதுகாப்பு.

* சதுர அடி விலையோடு நிறுத்தாதீங்க. லாரி வாடகை, பதிக்கும் கூலி, பாலீஷ் எல்லாம் சேர்த்துக் கணக்குப் போடுங்க.

* மரத்தரை என்றால் எஃப்எஸ்சி சான்று இருக்கிறதா என்று பாருங்க. முறையாகப் பராமரிக்கும் காட்டிலிருந்து வந்த மரம் என்பதற்கான அடையாளம் அது.

* கல்லோ டைல்ஸோ வெட்டும்போது தண்ணீர் விட்டு வெட்டச் சொல்லுங்க. பறக்கும் தூசியில் இருக்கும் சிலிக்கா நுரையீரலில் படிந்தால் சிலிகோசிஸ் வரும். அதைக் குணப்படுத்த வழியில்லை. வேலை செய்பவருக்கு மாஸ்க் வாங்கித் தருவது பெரிய செலவு இல்லை.

எல்லா அறைக்கும் ஒரே தரை என்ற கட்டாயமும் இல்லை. ஹாலுக்கு ஆத்தங்குடி, திண்ணைக்கு டெரகோட்டா, பாத்ரூமுக்கு வழுக்காத டைல்ஸ் என்று பிரித்துக்கொள்ளலாம். பக்கத்து ஊரில் கிடைப்பது, நல்ல கொத்தனார் கையில் அமைவது, அடிக்கடி மாற்றத் தேவையில்லாதது. இந்த மூன்றும் பொருந்தி வரும் தரையை யோசிக்காமல் தேர்வு செய்யலாம்.