நீர் ஓடும் சித்திரப் பெட்டி

1985-ல் அமெரிக்காவின் கிரே ரிசர்ச் நிறுவனம் கிரே-2 என்ற சூப்பர் கம்ப்யூட்டரை வெளியிட்டது. அதன் சர்க்யூட் பலகைகள் ஃபுளோரினர்ட் என்ற திரவத்தில் முழுக்க மூழ்கிக் கிடந்தன. மின்சாரத்தைக் கடத்தாத அந்தத் திரவம் பலகைகளின் சூட்டை வாங்கிக்கொண்டு, பக்கத்தில் நின்ற ஒளிபுகும் தொட்டிகளில் குமிழியிட்டபடி வழிந்தது. ‘பபிள்ஸ்’ என்று அதற்குச் செல்லப்பெயரே வந்துவிட்டது. பத்தாண்டுக்கு முந்தைய கிரே-1-ன் அடிப்பகுதியைச் சுற்றி மெத்தை வைத்த இருக்கைகளை அமைத்திருந்த வடிவமைப்பாளர் சீமோர் கிரே, இம்முறை குளிர்விக்கும் ஏற்பாட்டையே காட்சிப்பொருளாக்கிவிட்டார்.

அந்தக் காட்சியை இன்று வீட்டு மேசைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள் கணினி கேபினெட் கலைஞர்கள். கடையில் வாங்கிய இரும்புப் பெட்டியை அறுத்து, தேய்த்து, வண்ணம் தீட்டி, அதற்குள் தண்ணீர் ஓடும் குழாய்களை வளைத்துப் பொருத்துகிறார்கள். பார்ப்பவருக்கு முதலில் தெரிவது ஓவியம்தான். ஆனால் இந்தக் கைவினையில் அழகுக்காக எடுக்கும் ஒவ்வொரு முடிவும் வெப்பத்தின் கணக்கிலும் தேறியாக வேண்டும். இதன் சுவையே அங்குதான் இருக்கிறது.

கணினிக்கு எதற்குத் தண்ணீர்? இன்டெல் கோர் ஐ9-14900கே பிராசசர் முழு வேகத்தில் 253 வாட் வரை மின்சாரம் இழுக்கும். என்விடியா ஆர்டிஎக்ஸ் 4090 கிராஃபிக்ஸ் கார்டுக்கு 450 வாட். இரண்டும் சேர்ந்தால் சுமார் 700 வாட். ஒரு சின்ன இஸ்திரிப் பெட்டியின் அளவு. இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் சூடாகத்தான் வெளியே வருகிறது. இந்த பிராசசர் 100 டிகிரி செல்சியஸைத் தொட்டால், தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

ஒரே கன அளவு காற்றையும் தண்ணீரையும் எடுத்து ஒரு டிகிரி சூடேற்றினால், தண்ணீர் சுமார் 3,500 மடங்கு வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். விரல் தடிமன் குழாயில் ஓடும் நீர் இவ்வளவு சூட்டைச் சுமந்துபோவது இதனால்தான். ஆனால் தண்ணீர் சூட்டை அழித்துவிடுவதில்லை, இடம் மாற்றுகிறது. கடைசியில் அதை வாங்கி அறைக்குள் விடுவது ரேடியேட்டர் வழியே போகும் காற்றுதான். பெரிய ரேடியேட்டர் வைத்தால் ஃபேன்கள் மெதுவாகச் சுற்றினாலே போதும், சத்தம் குறையும். அலுவலக வேலைக்கும் படம் பார்ப்பதற்கும் இதெல்லாம் தேவையில்லை. நல்ல ஏர் கூலர் ஒன்றே தாராளம்.

1990-களின் இறுதியில் பிராசசர்களை அவற்றின் வரம்பை மீறி ஓட்டிப் பார்க்கத் தொடங்கியவர்களுக்குக் கடைகளில் நீரால் குளிர்விக்கும் உதிரிபாகங்கள் கிடைப்பது அரிதாக இருந்தது. காருக்குள் வெதுவெதுப்புக் காற்று அனுப்பும் ஹீட்டர் கோரைக் கழற்றி ரேடியேட்டராக்கினார்கள். மீன் தொட்டிப் பம்பை வைத்து நீரை ஓட்டினார்கள். பின்னால் புகழ்பெற்ற டி5 பம்பும் கணினிக்காகப் பிறந்ததல்ல. லைங் என்ற ஜெர்மன் நிறுவனம் நீர்ச் சுழற்சி வேலைகளுக்காக உருவாக்கிய வகை அது. அதன் சுழலிக்கு நீண்ட அச்சு கிடையாது. ஒரு சிறு பீங்கான் குண்டின்மேல் உட்கார்ந்து சுற்றுகிறது. ஓடும் நீரே அதற்கு எண்ணெய். தண்ணீரில்லாமல் ஓடினால் தேய்ந்துபோகும். அதனால்தான் நீர்த்தொட்டியான ரிசர்வாயரைப் பம்புக்கு முன்னால், முடிந்தவரை உயரத்தில் வைக்கிறார்கள்.

பிராசசரின் தலையில் உட்காரும் வாட்டர் பிளாக் இந்தச் சுற்றின் இதயம். வெளியிலிருந்து பார்த்தால் நிக்கல் பூசிய ஒரு செம்புத் தகடு. திறந்தால் உள்ளே, ஒரு மில்லிமீட்டரின் சிறு பங்கே தடிமனுள்ள செம்புச் சீவல்கள் வரிசையாக நெருங்கி நிற்கும். அவற்றின் இடைவெளிகளில் நீர் புகுந்து போகிறது. அடிப்பரப்பு கைக்குள் அடங்கும் அளவுதான். ஆனால் நீர் தொடும் பரப்பு அதைப்போலப் பல மடங்கு. பிராசசருக்கும் பிளாக்குக்கும் நடுவே தடவும் தெர்மல் பேஸ்ட், கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்களில் காற்று தங்கிவிடாமல் அடைக்கிறது.

இப்போது ஒரு கேள்வி. ரேடியேட்டரிலிருந்து குளிர்ந்து வரும் நீர் முதலில் பிராசசருக்குப் போக வேண்டுமா, கிராஃபிக்ஸ் கார்டுக்கா? புதிதாக இறங்குபவர்கள் மண்டையை உடைத்துக்கொள்ளும் இடம் இது. கணக்குப் போட்டால் விடை எளிது. நிமிடத்துக்கு 4 லிட்டர் நீர் ஓடுகிறது என்று கொள்வோம். நொடிக்குச் சுமார் 67 கிராம். ஒரு கிராம் நீரை ஒரு டிகிரி உயர்த்த 4.2 ஜூல் வேண்டும். ஆக 450 வாட் கார்டைக் கடந்துபோகும் நீரின் சூடு ஒன்றரை டிகிரிக்குச் சற்று மேல் ஏறுகிறது, அவ்வளவுதான். சுற்று முழுவதும் நீர் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருப்பதால் வரிசை பெரிய பொருட்டல்ல.

இந்தச் சிறு கணக்குதான் கலைஞருக்குக் கிடைத்த பெரிய சுதந்திரம். தொட்டிக்கு அடுத்து பம்ப் என்ற ஒரு விதியைக் காத்துவிட்டால், மற்றக் குழாய்களைச் சித்திரம் கேட்கிறபடி கொண்டுபோகலாம். பின்பலகையில் ஒரு மரம் வரைந்திருந்தால் குழாயை அதன் கிளையாக வளைக்கலாம். நேர்கோடுகளால் ஆன வடிவம் என்றால் எல்லா வளைவுகளையும் துல்லியமான செங்கோணத்தில் நிறுத்தலாம்.

வளைப்பது பொறுமையான வேலை. பெட்ஜி, அக்ரிலிக் என்ற இருவகைக் கெட்டிக் குழாய்கள் புழக்கத்தில் உண்டு. முதலில் குழாய்க்குள் சிலிகோன் கயிறு ஒன்றை நுழைக்க வேண்டும். அது இல்லாவிட்டால் வளையும் இடத்தில் குழாய் சப்பையாகிவிடும். பிறகு ஹீட் கன்னின் காற்றில் குழாயைச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரே பக்கம் காட்டினால் உள்ளே குமிழி எழும்பிவிடும். குழாய் கையில் தொய்யத் தொடங்கும் அந்த நொடியில் வளைத்து, ஆறும்வரை அசையாமல் பிடித்திருக்க வேண்டும். அறுத்த முனையை உப்புத்தாளால் மழுங்கத் தேய்ப்பது கட்டாயம். கூரான விளிம்பு, குழாயை இணைக்கும் ஃபிட்டிங்குக்குள் இருக்கும் ரப்பர் வளையத்தைக் கீறினால் கசிவு அங்கேதான் தொடங்கும்.

பெட்ஜி 80 டிகிரி வாக்கில் இளகிவிடும், அக்ரிலிக் 100 டிகிரிவரை தாங்கும். சுற்றில் ஓடும் நீர் சாதாரணமாக 45 டிகிரியைத் தாண்டாது என்பதால் இரண்டுமே போதும். ஆனால் பம்ப் நின்றுவிட்டால் பிளாக்குக்குள் தேங்கும் நீர் வேகமாகச் சூடேறும். இளகிய பெட்ஜி குழாய் ஃபிட்டிங்கிலிருந்து நழுவி வந்துவிடலாம். பம்ப் நின்றால் கணினியை உடனே அணைக்கும்படி முன்கூட்டியே அமைத்து வைப்பது இதற்காகத்தான்.

இனி ஓவியம். இரும்புத் தகட்டில் வண்ணம் நேராக ஒட்டாது. பழைய பூச்சை உப்புத்தாளால் தேய்த்து, பிரைமர் அடித்து, மறுபடி நைசாகத் தேய்த்த பிறகே தூரிகையோ ஏர் பிரஷ்ஷோ தொட வேண்டும். மேலே கிளியர் கோட். தொட்டால் ஒட்டாத நிலை சில மணி நேரத்தில் வந்துவிடும். பூச்சு உள்வரை இறுகப் பல நாள் ஆகும். அவசரப்பட்டு மாட்டினால் திருகின் அழுத்தத்தில் வண்ணம் பெயர்ந்து வரும். மதர்போர்டு உட்காரும் திருகுமுனைகளையும் பவர் சப்ளை மாட்டும் இடத்தையும் டேப் ஒட்டி மறைத்துவிடுகிறார்கள், ஏனென்றால் எர்த் இணைப்புக்கு அங்கே உலோகம் உலோகத்தைத் தொட வேண்டும். காற்று வரும் வலைத்துளைகளில் பூச்சு கெட்டியாகப் படிந்தால் துளை அடைத்துக்கொள்ளும். எவ்வளவு அழகான படமாக இருந்தாலும் ரேடியேட்டரின் முகத்தை மூடும் பலகையில் அதற்கு இடமில்லை.

வண்ணம் இல்லாமலும் வரையலாம். அக்ரிலிக் பலகையில் டிரெமல் கருவியால் கோடுகளைச் செதுக்கி, பலகையின் விளிம்பில் எல்ஈடி பட்டையை ஒட்டினால், ஒளி பலகைக்குள்ளேயே எதிரொளித்துக்கொண்டு ஓடும். கீறல் இருக்கும் இடத்தில் மட்டும் சிதறி வெளியே வரும். செதுக்கிய சித்திரம் இருட்டில் தனியாக மிதக்கும். மரமும் பித்தளையும் கொண்டு இழைப்பவர்களும் உண்டு. ‘டேட்டாமான்சர்’ என்ற பெயரில் இயங்கிய அமெரிக்கக் கலைஞர் ரிச்சர்ட் நேகி செய்த மடிக்கணினி, விக்டோரியா காலத்து இசைப்பெட்டிபோல் மரத்தாலும் பித்தளையாலும் ஆனது.

வண்ணத்தைத் திரவத்திலேயே கலந்துவிடும் ஆசையும் பலருக்கு வரும். இங்கே நிதானம் வேண்டும். பால்போல் மங்கலான நிறத் திரவங்களில் மிதப்பவை நுண்துகள்கள். அவை நாளடைவில் செம்புச் சீவல்களின் இடுக்குகளில் படியக்கூடும். பிரிட்டனின் மேஹெம்ஸ் நிறுவனத்தின் அரோரா என்ற மினுமினுக்கும் திரவம் கண்காட்சிக்கும் படப்பிடிப்புக்கும் ஏற்றது, அன்றாட ஓட்டத்துக்கு அல்ல. நீண்ட நாள் ஓட வேண்டிய கணினிக்குத் தெளிந்த திரவம்தான் நல்லது. நிறத்தைக் குழாயிலோ விளக்கிலோ காட்டிக்கொள்ளலாம். செம்புப் பிளாக்கோடு அலுமினிய ரேடியேட்டரைச் சேர்க்கவும் கூடாது. நீரின் வழியே இரு உலோகங்களுக்கும் இடையில் மின்வேதி வினை நடந்து அலுமினியம் அரிக்கப்படும். பாசி பிடிக்காமலும் அரிக்காமலும் காக்கும் மருந்துகள் கலந்த கூலன்ட்டையோ, அவற்றைச் சேர்த்த டிஸ்டில்டு வாட்டரையோதான் ஊற்றுகிறார்கள்.

எல்லாம் பொருத்தியதும் கணினியை ஓட்டிவிட முடியாது. மதர்போர்டுக்கு மின்சாரம் தராமல் பம்பை மட்டும் இயக்கி, ஒவ்வோர் இணைப்பின் கீழும் டிஷ்யூ காகிதம் வைத்து, ஒரு நாள் முழுக்க விட்டுப் பார்க்கிறார்கள். காகிதத்தில் ஈரப்புள்ளி தெரிந்தால் அந்த ஃபிட்டிங்கைக் கழற்றி மறுபடி மாட்ட வேண்டும். நீர் ஊற்றும் முன்பே காற்றை அடைத்து அழுத்தம் இறங்குகிறதா என்று மீட்டரில் பார்ப்பது இன்னும் பாதுகாப்பான வழி.

கூலன்ட்டை ஆண்டுக்கு ஒரு முறையாவது மாற்ற வேண்டியிருப்பதால், தாழ்ந்த இடத்தில் ஒரு வடிகால் வால்வும், காந்தத்தால் ஒட்டிக் கழற்றக்கூடிய ஓவியப் பலகையும் வடிவமைப்பிலேயே இருந்தால் பின்னால் கைக்கு வேலை குறையும். முதன்முதலாக இறங்குபவர் கெட்டிக் குழாயை விட்டுவிட்டு மென்குழாயில் தொடங்கலாம். கத்தியால் அறுக்கலாம், அளவு தவறினால் நஷ்டம் அதிகமில்லை. 360 மில்லிமீட்டர் ரேடியேட்டர் ஒன்று, பிராசசருக்கு மட்டும் ஒரு பிளாக், வண்ணம் தீட்ட ஒரே ஒரு பக்கப் பலகை என்று ஆரம்பித்தால், வெப்பமும் ஓவியமும் எங்கெங்கே ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன என்பது முதல் பெட்டியிலேயே கைக்குப் பிடிபட்டுவிடும்.