14 + 8 = 20

மக்களே, முதல்ல ஒரு சின்ன கணக்கு.

ஃபெடரேஷன் கப்னு ஒரு அகில இந்திய கால்பந்துப் போட்டி இருந்தது. 1977-ல் ஆரம்பிச்சு 2017 வரை நடந்தது. ஐ.எஸ்.எல். பார்த்து வளர்ந்த நம்ம செட்டுக்கு அது அவ்வளவா பழக்கம் இல்லை. அந்தக் கோப்பையை மோகன் பகான் 14 தடவை ஜெயிச்சிருக்கு, ஈஸ்ட் பெங்கால் 8 தடவை. கூட்டினா 22. ஆனா இந்த ரெண்டு கிளப்புக்கும் கோப்பை போன வருஷங்களை விரல் விட்டு எண்ணிப் பாருங்க, 20 தான் வரும்.

டேட்டா என்ட்ரி தப்பு இல்லை. ரெண்டு வருஷம் ஃபைனல்ல இந்த ரெண்டு டீமும் மோதி, யாருமே தோற்கலை. அதுல முதல் தடவை நடந்தது 1978-ல், நம்ம கோயம்புத்தூர்ல.

இது ஏன் பெரிய விஷயம்னு புரியணும்னா அவங்க பகை எப்படிப்பட்டதுன்னு தெரியணும். மோகன் பகான் 1889-ல் கல்கத்தாவில் ஆரம்பிச்ச கிளப். 1911-ல் ஐ.எஃப்.ஏ. ஷீல்டு ஃபைனல்ல கிழக்கு யார்க்‌ஷயர் படைப்பிரிவு டீமை 2-1னு ஜெயிச்சது. அந்த லெவன்ல ஒருத்தரைத் தவிர எல்லாரும் வெறுங்கால்ல ஆடினாங்க. ஈஸ்ட் பெங்கால் பிறந்ததே ஒரு கோபத்துல. 1920-ல் மோகன் பகானுக்கு எதிரான மேட்ச்ல ஜோராபகான் கிளப் சைலேஷ் போஸ்ங்கற வீரரை டீம்ல சேர்க்கலை. அந்தக் கிளப்போட துணைத் தலைவர் சுரேஷ் சந்திர சௌத்ரி கடுப்பாகி வெளியே வந்து, நண்பர்களோட சேர்ந்து புது கிளப் தொடங்கினார். கிழக்கு வங்காளத்துல இருந்து வந்தவங்களுக்கு அது சொந்த கிளப் ஆச்சு. 1947 பிரிவினைக்கு அப்புறம் ஊரை விட்டு வந்த லட்சக்கணக்கான அகதிகளுக்கு, விட்டுட்டு வந்த ஊரோட பேரே அந்த ஜெர்சியிலதான் மிச்சம் இருந்தது. மோகன் பகான் ஜெயிச்சா அந்த வீடுகள்ல இறால், ஈஸ்ட் பெங்கால் ஜெயிச்சா ஹில்சா மீன். அடுப்படி வரைக்கும் போன பகை.

1975 ஐ.எஃப்.ஏ. ஷீல்டு ஃபைனல்ல ஈஸ்ட் பெங்கால் 5-0னு மோகன் பகானை நொறுக்கியது. அந்தக் காயம் ஆறுறதுக்குள்ள, மூணு வருஷத்துல, ரெண்டு டீமும் ரெண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல ரயில் தூரம் இருக்கிற கோவைக்கு வந்து ஒரு தேசியக் கோப்பை ஃபைனல்ல நிக்குது. எப்படி இருந்திருக்கும்?

கோல் விழலை. கோப்பை ரெண்டு பேருக்கும் பொதுன்னு அறிவிச்சாங்க. 1980-ல் கல்கத்தாவிலேயே ஃபெடரேஷன் கப் ஃபைனல் 1-1னு முடிஞ்சது. மறுபடியும் கூட்டு சாம்பியன். இதுதான் காணாமப் போன அந்த ரெண்டு.

"அப்போ பெனால்டி ஷூட்அவுட் கிடையாதா?"ன்னு கேப்பீங்க. இருந்தது. ஷூட்அவுட் வர்றதுக்கு முன்னாடி டிரா ஆன நாக்-அவுட் மேட்சை மறுபடி ஆடுவாங்க, இல்லைன்னா சீட்டு குலுக்குவாங்க, காசு சுண்டுவாங்க. 1968 ஐரோப்பியக் கோப்பை அரையிறுதியில இத்தாலி சோவியத் யூனியனைத் தாண்டினது ஒரு நாணயத்தோட தயவுல. அதே வருஷம் ஒலிம்பிக் காலிறுதியில இஸ்ரேல் வெளியே போனது சீட்டுக் குலுக்கல்ல. "இது விளையாட்டே இல்லையே"ன்னு எழுந்த புகார்ல இருந்துதான் 1970-ல் ஷூட்அவுட் விதி வந்தது. 1976 ஐரோப்பியக் கோப்பை ஃபைனலே அப்படித்தான் முடிஞ்சது. மேற்கு ஜெர்மனியோட ஊலி ஹோனஸ் பந்தை கம்பத்துக்கு மேல அடிச்சார். செக்கோஸ்லோவாக்கியாவோட பனென்கா மெதுவா நடுவுல தூக்கிப் போட்டு முடிச்சார். அதாவது 1978-ல் விதி கைவசம் இருந்தது. ஆனா எந்தப் போட்டியில எதை வெச்சு முடிவு பண்றதுன்னு அந்தப் போட்டியோட ரூல்புக்தான் சொல்லும்.

இப்போ நம்ம கதைக்கு வாங்க. இந்த செமஸ்டர் இன்டர்-டிபார்ட்மென்ட் ஃபைனலும் டிராதான். லைட் போயிடும்னு எக்ஸ்ட்ரா டைம் கூட இல்லாம நேரா பெனால்டிக்குப் போனோம். கடைசி கிக்கை வெளியே அடிச்ச பையன் அன்னைக்கு மெஸ்ஸுக்கு சாப்பிட வரலை. அறுபது நிமிஷம் அவன்தான் மிட்ஃபீல்டைத் தாங்கினான். அது யாருக்கும் ஞாபகம் இல்லை. பதினோரு பேர் சேர்ந்து பண்ணின டிராவை ஷூட்அவுட் ஒரே ஒருத்தன் தோல்வியா மாத்திடுது. ஹோனஸ் அதுக்கு முன்னாடி 1974-ல் உலகக் கோப்பையே ஜெயிச்சவர். ஆனாலும் இன்னைக்கு வரைக்கும் அந்த ஒரு கிக்கைப் பேசுறாங்க.

2019 கிரிக்கெட் உலகக் கோப்பை ஃபைனல் ஞாபகம் இருக்கா? மேட்ச் டை, சூப்பர் ஓவர் டை, கடைசியில பவுண்டரி எண்ணிக் கோப்பையைக் கொடுத்தாங்க. அடுத்த சில மாசத்துலயே ஐ.சி.சி. அந்த விதியைத் தூக்கிடுச்சு. 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக் உயரம் தாண்டுதல்ல பார்ஷிமும் தம்பேரியும் தங்கத்தைப் பங்கு போட்டப்போ உலகமே கை தட்டியது. அதை நம்ம கோவை 1978-லயே பார்த்துடுச்சு.

ஆனா இதை இங்கேயே ஃபீல் குட்டா முடிச்சா அது பொய்.

ஃபெடரேஷன் கப்பைப் பங்கு போட்ட அதே 1980-ல், ஆகஸ்ட் 16 அன்னைக்கு, ஈடன் கார்டன்ஸ்ல இதே ரெண்டு டீமுக்கும் லீக் மேட்ச். களத்துல ஒரு மோதல், ரெண்டு பக்கமும் ஒருத்தருக்கு சிவப்பு அட்டை. கேலரியில சண்டை கிளம்பி, தப்பிக்க ஓடின கூட்டத்துல மிதிபட்டும் நசுங்கியும் 16 ரசிகர்கள் செத்துப் போனாங்க. அந்த மேட்சும் டிராதான். கோப்பையைப் பங்கு போட்டது மைதானத்துக்குள்ள மட்டும்தான். கேலரிக்கு அது போய்ச் சேரலை.

இஞ்சினியரா இதைக் கொஞ்சம் யோசிக்கணும். ஒரு சதுர மீட்டருக்கு ஆறேழு பேர் நெருக்கினா, கூட்டம் தனித்தனி மனுஷங்களா நடந்துக்காது, திரவம் மாதிரி அலையடிக்கும். பின்னாடி தள்றவனுக்கு முன்னாடி ஒருத்தன் மூச்சு முட்டுறது தெரியாது. வெறியால சாகிறவங்களை விட குறுகலான படிக்கட்டால சாகிறவங்க அதிகம். ரெண்டு பக்க ரசிகர்களுக்கும் தனித்தனி இடம், அகலமான வழி, வெளிப்பக்கம் திறக்கிற கேட். இதெல்லாம் சிவில் பசங்க வேலை. 1997 ஜூலை 13-ல் சால்ட் லேக் மைதானத்துல ஃபெடரேஷன் கப் அரையிறுதிக்கு இதே ரெண்டு டீமையும் பார்க்க 1,31,781 பேர் வந்தாங்க. பூட்டியா ஹாட்ரிக், ஈஸ்ட் பெங்கால் 4-1. அன்னைக்கு நமக்கு ஞாபகம் இருக்கிறது கோல்கள் மட்டும்தான். மேட்ச்னா அப்படித்தான் இருக்கணும்.

கொல்கத்தா அந்த 16 பேரை மறக்கலை. ஆகஸ்ட் 16-ல் அவங்க நினைவா ரத்ததான முகாம் நடத்துறாங்க. 2024 ஆகஸ்ட் 18-ல் இன்னொண்ணும் நடந்தது. ஆர்.ஜி. கர் மருத்துவமனையில ஒரு இளம் டாக்டர் கொல்லப்பட்டதுக்கு ஊரே கொதிச்சுக்கிட்டு இருந்த நேரம். டூரண்ட் கோப்பையில அன்னைக்கு நடக்க வேண்டிய டெர்பியை ரத்து பண்ணிட்டாங்க. மேட்ச் இல்லைன்னாலும் ரசிகர்கள் மைதானத்துக்கு வெளியே வந்தாங்க. சிவப்பு-மஞ்சளும் பச்சை-மெரூனும் கலந்து நின்னு, அந்தப் பொண்ணுக்கு நியாயம் கேட்டு கோஷம் போட்டாங்க. போலீஸ் தடியடியையும் சேர்ந்தே வாங்கினாங்க.

நூறு வருஷப் பகைக்காரங்க. அடுத்த மேட்சுக்கு மறுபடி திட்டிக்கத்தான் போறாங்க, திட்டிக்கட்டும். எதிரி இல்லாம டெர்பி ஏது?

அடுத்த வருஷம் நம்ம இன்டர்-டிபார்ட்மென்ட் ரூல்புக்கை எழுதப்போற ஜூனியர்ஸுக்கு ஒரு வேண்டுகோள். ஃபைனல் டிரா ஆனா கூட்டு சாம்பியன்னு ஒரு வரி சேர்த்துடுங்க. ஷீல்டு ஆளுக்கு ஆறு மாசம் இருக்கட்டும். அன்னைக்கு ராத்திரி எல்லாரும் மெஸ்ஸுக்கு வந்து சாப்பிடுவாங்க.