சிப்பிக் காளானின் புழு வேட்டை

கத்தரிச் செடி மதியம் வாடி சாயங்காலம் தெளிந்தால், தண்ணீர் போதவில்லை என்றுதான் முதலில் தோன்றும். பிடுங்கிப் பார்த்தால் வேர் முழுக்க முடிச்சுகள். (உளுந்து வேரில் இருப்பது வேறு, அது நல்லது, நகத்தால் தட்டினால் உதிர்ந்துவிடும். இது வேரே வீங்கினது, உதிராது.) வேர்முடிச்சு நூற்புழுவின் வேலை. இதற்குப் பல வருஷமாகப் போட்டு வந்தது கார்போஃபியூரான் குருணை. தூவுகிற ஆளுக்கும் வயலில் மேயும் பறவைக்கும் அது கடும் நஞ்சு. வேறு வழி உண்டா என்று தேடியபோதுதான் நம்ம சிப்பிக் காளான் வந்து நின்றது.

இந்தக் காளான் நூற்புழுக்களைக் கொன்று தின்கிறது என்று 1984-இல் கனடாவின் தார்ன், பாரன் இருவரும் எழுதினார்கள். காரணம் பசிதான். மரத்திலும் வைக்கோலிலும் தழைச்சத்து ரொம்பக் குறைவு. புழு உடம்பில் நிறைய. எதைக் கொண்டு கொல்கிறது என்பதை 2023-இல் தைவான் ஆய்வாளர்கள் காட்டினார்கள். பூஞ்சை இழைகளில் குச்சி மிட்டாய் மாதிரி நுண்ணிய உருண்டைகள் இருக்கின்றன. புழு உரசினால் உடையும். உள்ளே 3-ஆக்டனோன் என்ற, ஆவியாகும் பொருள். அது செல்களின் சவ்வைக் கெடுக்க, கால்சியம் உள்ளே பாய்ந்து, சில நிமிஷத்தில் புழு முடங்கிவிடும். பிறகு இழைகள் உள்ளே நுழைந்து உறிஞ்சிக்கொள்ளும்.

அப்படியென்றால் 3-ஆக்டனோனைப் புட்டியில் அடைத்து விற்கலாமே? எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. புழு வந்து தொடும்வரை மூடி வைத்திருப்பதுதான் அந்த உருண்டையின் சூட்சுமம். தெளித்தால் காற்றோடு போய்விடும். தவிர, நம் எதிரி வேருக்குள் குடியிருப்பவன். முட்டையிலிருந்து வந்த குஞ்சு மண்ணில் வேர் தேடி அலையும் கொஞ்ச நாள்தான் காளானுக்குக் கிடைக்கும்.

முட்டைக்கு வேறு பூஞ்சை உண்டு: 1979-இல் பெரு நாட்டில் நூற்புழு முட்டைகளில் கண்டெடுத்த பேசிலோமைசிஸ் லிலாசினஸ். தூளாக விற்கிறார்கள், தொழு உரத்தில் கலந்து இடலாம். வாங்கும்போது தயாரிப்புத் தேதியைப் பாருங்கள், உயிருள்ள சரக்கு.

பாகூர், வில்லியனூர் பக்கம் வைக்கோலுக்குப் பஞ்சமில்லை, காளான் வளர்ப்பவர்களுக்கு அதுதான் மூலப்பொருள். அறுத்தபின் மிஞ்சும் படுக்கையைக் குவித்து மக்கவைத்தால் நல்ல உரம்தான், ஆனால் குவியலின் சூட்டில் இழைகள் செத்துவிடும், வேட்டையும் போச்சு. வெள்ளையாக உயிரோடு இருக்கும்போதே பாலித்தீனை உரித்து, உதிர்த்து, நடவுக்கு இரண்டு மூன்று வாரம் முன்னால் ஈர மண்ணில் கலக்க வேண்டும். உடனே நட்டால், மக்கும் வைக்கோல் தழைச்சத்தை இழுத்துக்கொண்டு நாற்று வெளிறும்.

முதலில் ஒரு பாத்தியில் மட்டும் போடுங்கள். பக்கத்துப் பாத்தியை அப்படியே விட்டு, கடைசிப் பறிப்புக்குப் பின் இரண்டிலும் பத்துப் பத்துச் செடி பிடுங்கி முடிச்சுகளை எண்ணிப் பாருங்கள்.