கம்பிக்கு நாடி பார்க்கும் கருவிகள்

டெலிபோன் திடீரென்று மௌனமாகிவிட்டால் நாம் அலுத்துக்கொள்கிறோம். நள்ளிரவில் வைத்தியரை அழைக்க வேண்டிய வீட்டிலோ அந்த மௌனம் பெரும் ஆபத்தாகவே முடியலாம். பூமிக்கடியில் வெகுதூரம் செல்லும் கம்பியில் பழுது எந்த இடத்தில் என்று அறிவது எப்படி? தெரு முழுவதையும் தோண்டிப் பார்ப்பதா? அவசியமில்லை. வைத்தியர் கையைப் பிடித்து நாடி பார்ப்பதுபோல், கம்பியின் முனையைப் பிடித்தே அதன் நோயைக் கண்டறியும் கருவிகள் இருக்கின்றன.

அளந்து பாராமல் பலத்தை நம்பினால் என்ன நேரும் என்பதற்கு 1858-ஆம் வருஷத்துச் சம்பவம் ஒன்றே போதும். அட்லாண்டிக் சமுத்திரத்தின் அடியில் முதன்முதல் தந்திக் கம்பி இட்டார்கள். செய்தி தெளிவாக வராததைக் கண்டு, வொயிட்ஹவுஸ் என்பவர் சுமார் 2,000 வோல்ட் அழுத்தத்தில் மின்சாரத்தைச் செலுத்தினார். ஏற்கெனவே பழுதுற்றிருந்த கம்பி சில வாரங்களில் அடியோடு மாண்டது. வில்லியம் தாம்ஸன் என்னும் விஞ்ஞானியின் வழி வேறு. சிறு கண்ணாடியொன்றில் காந்தத் துண்டுகளை ஒட்டித் தொங்கவிட்டு, அதிலிருந்து பிரதிபலிக்கும் ஒளிப் புள்ளியின் அசைவைக் கொண்டு மிக மெல்லிய மின்சாரத்தையும் அவர் கண்டுகொண்டார். 1866-இல் இட்ட கம்பி நிலைத்து நின்றது.

இனி, பழுதான இடத்தைக் காணும் முறையைப் பார்ப்போம். எங்கள் திருவண்ணாமலையில் கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். அதன் நெடுகிலும் ஒரே பருமனுள்ள கம்பியைப் புதைத்து, இரு முனைகளையும் கோயில் வாசலில் கொண்டுவந்து சேர்த்திருப்பதாக வைத்துக்கொள்வோம். எங்கோ ஓரிடத்தில் உறை கிழிந்து மின்சாரம் ஈர மண்ணில் கசிகிறது. மலையைச் சுற்றாமலே அந்த இடத்தைச் சொல்ல முடியுமா?

முடியும். வீட்ஸ்டன் பாலம் என்ற கருவி, மின்தடையை நிறுக்கும் தராசு போன்றது. 1833-இல் கிறிஸ்டி என்பவர் கண்ட இந்த முறையை 1843-இல் வீட்ஸ்டன் பிரபலப்படுத்தினார். கம்பியின் இரு முனைகளையும் அதில் இணைத்து, அதன் இரு கரங்களிலுள்ள தடைகளை மாற்றிக்கொண்டே வந்தால், ஒரு நிலையில் முள் பூஜ்யத்தில் நிற்கும். அப்பொழுது கரங்கள் 3-க்கு 4 என்ற விகிதத்தில் இருந்தால், பழுதும் கம்பியை அதே விகிதத்தில் பிரிக்கிறது என்று அர்த்தம். ஆகவே ஒரு பக்கமாகப் போனால் 6 கிலோமீட்டர். மறுபக்கம் போனால் 8 கிலோமீட்டர். டெலிபோன் கம்பிகள் இரண்டிரண்டாகச் செல்வதால், கெட்ட கம்பியின் கோடியில் நல்ல கம்பியை இணைத்து இவ்விதம் வளையமாக்குவார்கள். இதற்கு மர்ரே வளையச் சோதனை என்று பெயர்.

இன்று பல இடங்களில் செம்புக் கம்பிக்குப் பதிலாகக் கண்ணாடி இழை வந்துவிட்டது. அதைச் சோதிக்கும் மின்னணுக் கருவி ஒளித் துடிப்பு ஒன்றை உள்ளே அனுப்பி, முறிந்த இடத்திலிருந்து திரும்பிவரும் ஒளிக்காகக் காத்திருக்கிறது. இழையினுள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும். பழுது 6 கிலோமீட்டரில் இருந்தால், போய்த் திரும்ப விநாடியின் பத்து லட்சத்தில் 60 பாகமே ஆகும். அந்த நேரத்தை அளந்து தூரத்தைச் சொல்கிறது கருவி.

சுதந்திரம் பெற்ற மறுவருஷம், 1948-இல், டெலிபோன் செய்வதற்கென்று பெங்களூரில் நம் தேசத்தின் சொந்தத் தொழிற்சாலை ஏற்பட்டது. ஆனால் பொருளைச் செய்யக் கற்பது பாதிதான். அதன் குறையை அளந்தறியக் கற்பது மறுபாதி. விகிதக் கணக்கு எதற்கு உதவும் என்று கேட்கும் குழந்தைகளிடம், மலையைச் சுற்றிய இந்தக் கம்பியின் கதையைப் பெற்றோர்கள் சொல்லலாம்.