மறுபடியும் பூக்கும் ஜெரேனியம்

ஊட்டியில் ஒரு சிறிய வீடு. வாசலில் இரண்டு தொட்டிகள். இரண்டிலும் ஜெரேனியம் செடிகள். வாங்கி வந்தபோது கொத்துக் கொத்தாகச் சிவப்புப் பூக்கள் இருந்தன. நாலு மாதம் போனது. பூக்கள் காய்ந்தன. தண்டு நீண்டு வளைந்தது. அடி இலைகள் மஞ்சளாகி உதிர்ந்தன. அதன்பின் ஒரு மொட்டுகூட வரவில்லை.

அந்த வீட்டுப் பெண் தேயிலைத் தோட்டத்தில் கூலி வேலை செய்கிறார். கூலியில் மிச்சம் பிடித்து வாங்கிய செடிகள் அவை. அவர் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினார். யாரோ சொன்னார்கள் என்று யூரியாவும் போட்டார். நுனியில் இலை பெரிதானது. பூ வரவில்லை.

“செத்த செடிக்கு எதுக்கு இவ்வளவு பாடு? தூக்கிக் குப்பையில் போடு” என்றார் மாமியார்.

நாற்றுப் பண்ணையில் வேலை செய்யும் பெரியவர் ஒருவர் அந்த வழியாக வந்தார். செடியைப் பார்த்தார். தண்டை நகத்தால் லேசாகக் கீறினார். உள்ளே பச்சையாக இருந்தது.

“செடிக்கு உயிர் இருக்கும்மா. தண்ணீரைக் குறை. ஒரு கத்தி கொண்டு வா” என்றார்.

“கத்தியா? வெட்டினால் செத்துப் போகாதா, ஐயா?”

“தேயிலைச் செடியைக் கவாத்து பண்ணுகிறார்களே, அது செத்தா போகிறது?”

அந்தப் பெண் சிரித்துவிட்டார். தோட்டத்தில் அவர் தினமும் பார்க்கும் விஷயம்தான் அது.

பூ ஏன் நின்றது?

செடி பூப்பது விதைக்காக. வாடிய பூவை அப்படியே விட்டால் அதில் விதை பிடிக்கும். செடியின் சத்து விதைக்குப் போகும். புதுப் பூ குறையும்.

இன்னொரு காரணமும் உண்டு. ஜெரேனியம் இளங்கிளையின் நுனிப் பக்கம்தான் பூக்கும். வெட்டாத தண்டு ஒரே கோலாக நீளும். அதற்கு ஒரு நுனிதான். நுனியை வெட்டினால் கீழே கணுக்களில் தூங்கும் முளைகள் விழிக்கும். ஒரு தண்டு இரண்டு மூன்று கிளைகளாகப் பிரியும். நுனி கூடினால் பூவும் கூடும்.

யூரியா இலையை வளர்க்கும் உரம். அதை அதிகம் போட்டால் இலை செழிக்கும். பூ குறையும்.

வாடிய பூவைக் கிள்ளுங்கள்

இதழ்களை மட்டும் உதிர்த்தால் போதாது. கொத்து முழுவதும் வாடியதும், அதன் நீண்ட காம்பை அடியோடு எடுக்க வேண்டும். காம்பு தண்டோடு சேரும் இடத்தில் பிடித்து வளைத்தால் ஒடிந்து வரும். வாரம் ஒரு முறை இப்படிச் செய்தால் போதும்.

கவாத்து செய்வது எப்படி?

ஊட்டி, கொடைக்கானல், சிம்லா போன்ற மலை ஊர்களில் உறைபனிக் காலம் முடிந்த பிறகு கவாத்து செய்யலாம். கத்தி கூர்மையாக இருக்க வேண்டும். கொதித்த நீரில் கழுவித் துடைத்துக் கொள்ளுங்கள்.

நீண்ட தண்டில் மூன்றில் ஒரு பங்கை வெட்டுங்கள். செடி மிகவும் நீண்டிருந்தால் பாதி வரை வெட்டலாம். ஒவ்வொரு தண்டிலும் இரண்டு மூன்று கணுக்களாவது மிஞ்ச வேண்டும். கணுவுக்குச் சற்று மேலே வெட்டுங்கள். காய்ந்த தண்டையும் மஞ்சள் இலையையும் நீக்கிவிடுங்கள்.

வெட்டிய செடி சில நாள் மொட்டையாக நிற்கும். பயப்பட வேண்டாம். சில வாரங்களில் துளிர் விடும். இரண்டு மூன்று மாதத்தில் மொட்டு வரும்.

தண்ணீர் எவ்வளவு?

ஜெரேனியம் தென் ஆப்பிரிக்கப் பகுதியிலிருந்து வந்த செடி. அதன் சதைப்பற்றான தண்டில் ஓரளவு நீர் சேர்ந்திருக்கும். ஒரு நாள் தண்ணீர் இல்லாவிட்டால் சாகாது. ஆனால் வேர் எப்போதும் ஈரத்தில் நின்றால் அழுகிவிடும்.

விரலை மண்ணில் ஓர் அங்குலம் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் ஊற்ற வேண்டாம். காய்ந்திருந்தால் நன்றாக ஊற்றுங்கள். இலைமேல் ஊற்றாமல் மண்ணில் ஊற்றுங்கள். தொட்டியின் அடியில் ஓட்டை இருக்க வேண்டும். ஓட்டையின் மேல் ஓட்டுச் சில்லை வைத்து மண் நிரப்புங்கள்.

செம்மண், மணல், மக்கிய தொழு உரம் மூன்றையும் சம அளவில் கலந்தால் நல்ல மண் கிடைக்கும். வளரும் காலத்தில் மாதம் ஒரு பிடி மக்கிய உரம் போதும்.

தினமும் ஐந்தாறு மணி நேரம் வெயில் வேண்டும். நிழலில் வைத்த செடி வெளிச்சத்தைத் தேடி நீளும். பூக்காது. உறைபனி பட்டால் இலை கருகும். பனி இரவுகளில் தொட்டியைத் தாழ்வாரத்துக்குள் எடுத்து வையுங்கள்.

சமவெளியில் எப்படி?

தில்லி போன்ற ஊர்களில் இது குளிர்காலப் பூச்செடி. கோடை வெப்பத்தில் பூ நின்றுவிடும். மழையில் வேர் அழுகும். அங்கே கோடையில் மதிய வெயில் படாத இடத்தில் வையுங்கள். மழைக்காலத்தில் கூரையின் கீழ் வையுங்கள். தண்ணீரைக் குறையுங்கள். மழை ஓய்ந்ததும் கவாத்து செய்து வெயிலுக்குக் கொண்டு வாருங்கள். அப்படியும் சில செடிகள் போய்விடும். அதனால் முன்பே சில குச்சிகளை நட்டு வைப்பது நல்லது.

வெட்டிய குச்சியும் வீண் இல்லை

கவாத்தில் கிடைத்த நல்ல குச்சிகளை நான்கு அங்குல நீளத்துக்கு நறுக்குங்கள். கணுவுக்குக் கீழே வெட்டுங்கள். அடி இலைகளையும் மொட்டையும் எடுத்துவிடுங்கள். ஒரு நாள் நிழலில் வைத்தால் வெட்டுவாய் உலரும். பிறகு ஈர மணலில் நடுங்கள். ஓட்டை போட்ட பழைய டப்பாவே போதும். மூன்று நான்கு வாரத்தில் வேர் பிடிக்கும். அடித்தண்டு கறுத்து அழுகினால் அந்தக் குச்சியைப் பிடுங்கி எறியுங்கள். இல்லாவிட்டால் நோய் மற்றதுக்கும் பரவும்.

ஜெரேனியத்தில் வாசனை வகையும் உண்டு. நீலகிரியிலும் கொடைக்கானல் பகுதியிலும் அதைப் பயிர் செய்து எண்ணெய் வடிக்கிறார்கள். அதன் தழையை அறுத்தாலும் மறுபடி துளிர்க்கும்.

அந்த வீட்டில் இப்போது

பெரியவர் சொன்னபடி அந்தப் பெண் இரண்டு செடிகளையும் வெட்டினார். எட்டுக் குச்சிகள் நட்டார். இரண்டு அழுகிப் போயின. ஆறு பிழைத்தன. மழை தொடங்கும் முன் தாய்ச் செடிகள் பூத்தன. மறு ஆண்டு வாசலில் எட்டுத் தொட்டிகள் இருந்தன. மூன்றை விற்றார். அந்தப் பணத்தில் பிள்ளைக்கு நோட்டுப் புத்தகம் வாங்கினார்.

வாடிய பூவைக் கிள்ளும் வேலை இப்போது மாமியாருடையது. அதை வேறு யாரும் தொட அவர் விடுவதில்லை.

நினைவில் வையுங்கள்

1. வாடிய பூவைக் காம்போடு எடுக்க வேண்டும்.
2. ஆண்டுக்கு ஒரு முறை கவாத்து செய்ய வேண்டும்.
3. மண் காய்ந்த பிறகே தண்ணீர் ஊற்ற வேண்டும்.
4. நல்ல வெயில் வேண்டும்.
5. வெட்டிய குச்சியை நட்டுப் புதுச் செடி ஆக்கலாம்.

பதில் சொல்லுங்கள்

1. யூரியா போட்டும் செடி ஏன் பூக்கவில்லை?
2. தண்டை வெட்டினால் பூ எப்படிக் கூடுகிறது?
3. உங்கள் ஊரில் எந்தெந்தச் செடிகளைக் கவாத்து செய்கிறார்கள்? எந்த மாதத்தில்?