இருபது வருடம் கழித்துக் கேட்ட குளம்பொலி

'கேங்ஸ்டர்' (2006) இந்திப் படத்தின் 'பீகி பீகி' பாட்டு, இந்தி புரியாதவர்கள் காதிலும் விழுந்திருக்கும். இசையமைப்பாளர் ப்ரீதம், பாடியவர் வங்கதேசத்து ராக் பாடகர் ஜேம்ஸ். ஆனால் மெட்டு கல்கத்தாக்காரர் ஒருவருடையது. படம் வந்தபோது அவர் இறந்து ஏழு வருடங்கள் ஆகியிருந்தன.

அவர் கௌதம் சட்டோபாத்யாய். பிரசிடென்சி கல்லூரி மாணவர், கிடார்காரர். அறுபதுகளின் கடைசியில் பார்க் ஸ்ட்ரீட் ஓட்டல்களில் ஆங்கிலோ-இந்திய நண்பர்களுடன் ஆங்கிலப் பாட்டு வாசித்தார். (நம்ம உஷா உதுப் அதே வீதியில், 1969-ல், 'ட்ரிங்காஸ்' மேடை ஏறினார்.) பிறகு நக்சல்பாரி அலை. கௌதமும் அதில் இறங்கி, சிறைக்குப் போனார்.

வெளியே வந்தபின், 1975-ல், தம்பிகளையும் நண்பர்களையும் சேர்த்துக்கொண்டு ஏழு பேராக ஒரு குழு தொடங்கினார். வைத்துப் பார்த்த பெயர்களில் ஒன்று, 'கௌதம் சட்டோபாத்யாய் பி.எஸ்ஸி. குழுவினர்'! நம் ஊர் கல்யாணப் பத்திரிகை தோற்றது. கடைசியில் நிலைத்த பெயர் 'மொஹீனேர் கோராகுலி' - மொஹீனின் குதிரைகள். கவிஞர் ஜீவனானந்த தாஸின் கவிதையிலிருந்து எடுத்தது. பெயரைச் சொன்னவர் குழுவிலிருந்த ரஞ்சன் கோஷால்.

வங்காளத்தில் அப்போது பாட்டு என்றால் ஒன்று ரவீந்திர சங்கீதம், இல்லாவிட்டால் சினிமா. இவர்களோ கிடார், டிரம்ஸ், சாக்ஸபோன், வயலினோடு வந்தார்கள். கிராமத்து பாவுல் பாடகர்களின் மெட்டு, அமெரிக்க ஜாஸ், ராக் எல்லாம் ஒரே பாட்டில் கலந்தன. வரிகளில் காதலைவிட நகரமும் அதன் சலிப்பும் அதிகம். 1977, 78, 79 என வருடத்துக்கு ஒன்றாக மூன்று இசைத்தட்டுகள். வாங்கத்தான் ஆளில்லை. பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். 1981-ல் குழு கலைந்தது. ஆளுக்கொரு வேலை தேடிப் போனார்கள்.

இங்கே ஓர் ஒப்பீடு தவிர்க்க முடியாதது. அதே காலத்தில், 1976-ல், 'அன்னக்கிளி' மூலம் இளையராஜா நாட்டுப்புற மெட்டைத் தமிழர் வீடுதோறும் கொண்டுபோனார். அவருக்குச் சினிமா என்ற பெரிய வாகனம் இருந்தது. மொஹீன் குழுவுக்கு அது இல்லை. கௌதம் பின்னாளில் சினிமாவுக்கும் போனார், ஆனால் இயக்குநராக. அவருடைய 'நாக்மோதி' சிறந்த வங்காளப் படத்துக்கான தேசிய விருது பெற்றது.

1995-ல் கல்கத்தா புத்தகக் கண்காட்சியில் ஒரு கேசட் வெளியானது: 'ஆபார் பொச்சோர் குடி போரே', 'மறுபடி இருபது வருடம் கழித்து'. புதிய பையன்களையும் பாட வைத்து, பத்திரிகை ஆசிரியர் மாதிரி கௌதம் தொகுத்தது. இந்த முறை கல்லூரி விடுதிகள் கேசட்டைக் கொண்டாடின. பழைய பாட்டுகளையும் தேடிப் பிடித்தார்கள். தொடர்ந்து வந்த 'பூமி', 'ஃபாசில்ஸ்' போன்ற வங்காள பேண்டுகளுக்குப் பாதை போட்டது இதுதான். 'பீகி பீகி'யின் மூலமான 'பிருதிபீடா நாகி' இந்தக் கேசட்டில்தான் இருக்கிறது. மூலப்பாட்டில் மழையும் இல்லை, காதலி ஏக்கமும் இல்லை, டி.வி. பெட்டிக்குள் சுருங்கிப்போகும் உலகத்தைப் பற்றிய புலம்பல் அது.

புகழை கௌதம் அனுபவித்தது நாலு வருடம்தான். 1999 ஜூனில் காலமானார். ரஞ்சன் கோஷால் 2020-ல் மறைந்தார். ஆரம்பக் குதிரைகளில் இன்னொருவரான தாபஸ் தாஸ் புற்றுநோயில் விழுந்தபோது, சிகிச்சைக்குப் பணம் திரட்ட இளைய பேண்டுகள் கச்சேரி நடத்தின. 2023 ஜூனில் அவரும் போய்விட்டார்.