வாண்டுகளுக்கு ஒரு மாமா

சனிக்கிழமை இரவு கூலி கைக்கு வந்ததும் பனியன் கம்பெனிச் சிறுவர்கள் பரோட்டாக் கடைக்கும் திரையரங்கிற்கும் ஓடுவர். ஏற்றுமதி பெருகிவந்த 1980களின் திருப்பூரில், தையல்காரருக்கு அருகே அமர்ந்து துணி மடித்துக் கொடுக்கும் 'கைமடி' வேலையில் பள்ளி செல்ல வேண்டிய பிள்ளைகள் பலர் இருந்தனர். என் பால்ய நண்பனும் அவர்களுள் ஒருவன். எழுத்துக்கூட்டித்தான் படிப்பான். ஆயினும் புதிய 'பூந்தளிர்' வந்துவிட்டால் கூலியில் சில்லறையை ஒதுக்கி அதை வாங்கிவிடுவான். மறுநாள் திருப்பலி முடிந்ததும் கோவில் படிக்கட்டில் அமர்ந்து நான் உரக்க வாசிக்க வேண்டும், அவன் கேட்பான்.

அவ்விதழின் ஆசிரியர் வாண்டுமாமா. இயற்பெயர் வி. கிருஷ்ணமூர்த்தி. 1925ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் புதுக்கோட்டைச் சீமையின் அரிமளத்தில் பிறந்தவர். 'வாண்டுமாமா' என்ற பெயரைச் சூட்டியவர் ஆனந்த விகடன் ஓவியர் மாலி. பத்திரிகைத் தொழிலே அவருக்குச் சோறிட்டது. 'கௌசிகன்' என்னும் பெயரில் பெரியவர்களுக்குச் சிறுகதைகளும் நாவல்களும் எழுதினார். அவ்வழியே நடந்திருந்தால் இலக்கிய மேடைகளில் அவருக்கும் ஒரு நாற்காலி கிடைத்திருக்கும். அவரோ வாண்டுகளின் பக்கம் வந்து சேர்ந்தார்.

கல்கி நிறுவனத்தார் 1972இல் 'கோகுலம்' தொடங்கியபோது அதன் பொறுப்பை ஏற்றார். பின்னர் பைக்கோ நிறுவனத்தின் 'பூந்தளிர்'. சிறுவர் இதழை நடத்துவது விளையாட்டன்று. அச்சகத்திற்குக் குறித்த நாளில் பக்கங்கள் போயாக வேண்டும். கதை, புதிர், அறிவியல் செய்தி, சித்திரக்கதைக்கு உரையாடல் எனப் பலவற்றையும் அவரே வெவ்வேறு பெயர்களில் எழுதி நிரப்பினார். பத்திரிகையாளருக்குரிய பழக்கம் அவரை விட்டு அகலவில்லை: செய்தியைத் தேடிச் சேர்ப்பார், சுருங்கச் சொல்வார். பொருள்களின் பிறப்பைக் கூறும் 'தோன்றியது எப்படி' அப்பழக்கத்தின் விளைச்சலே. 'பலே பாலு' போன்ற சித்திரக்கதைகளில் ஓவியர் செல்லத்தின் கோடுகளும் இவருடைய சொற்களும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. சிறுவர்க்காக இவர் எழுதிய நூல்கள் நூற்றுக்கும் மேற்பட்டவை.

பூந்தளிரில் வந்த சுப்பாண்டியைக் கண்டு என் நண்பன் வயிறு குலுங்கச் சிரிப்பான். பின்னாளில் குருமடத்தில் வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதையைப் படித்தபோது, அந்தச் சீடர்களுக்குச் சுப்பாண்டி தூரத்து உறவினனோ என்று எண்ணிக்கொண்டேன். 'தேம்பாவணி' பாடிய பெரும்புலவர் அசட்டுச் சீடர்களின் கதை எழுதுவதை இழிவாகக் கருதவில்லை. நம் இல்லங்களில்தான் கதைப்புத்தகம் என்றாலே முகம் சுளிக்கிறோம். "இதைப் படித்தால் மார்க் வருமா, சாமி?" என்று என்னிடம் கேட்ட தாய்மார் பலர். வராது என்றுதான் விடை சொல்லியிருக்கிறேன். பாடப்புத்தகத்தைக் கண்டு அஞ்சிய ஒரு கைமடிச் சிறுவன், அடுத்த பக்கத்தில் என்ன நடக்கும் என்ற ஆவலால் மட்டுமே எழுத்துகளைச் சேர்த்துப் படிக்கப் பழகியதை என் கண்ணால் கண்டவன் நான். எந்தப் பள்ளியும் அவனுக்கு அதைத் தரவில்லை. ஓராண்டுக்குள் அவன் என் குரலுக்காகக் காத்திராமல் தானே வாசித்தான். எனக்குச் சற்று வருத்தம்கூட!

2014ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள் வாண்டுமாமா தம் 89ஆம் வயதில் மறைந்தார். தமிழ்நாட்டில் மூன்று தலைமுறைகளுக்கு வாசிப்பைப் பழக்கியவர்; அவர் வாழ்ந்த காலத்தில் நாம் அவருக்குச் செய்த சிறப்பு மிகச் சிறிது.

அண்மையில் திருப்பூர்ப் புத்தகத் திருவிழாவில் அதே நண்பனைக் கண்டேன். தலை நரைத்துவிட்டது, சிறு தையல் கூடம் ஒன்றின் உரிமையாளன். பக்கத்தில் பேரன். கையில் வாண்டுமாமாவின் மறுபதிப்பு ஒன்று. சிறுவன் கைப்பேசியிலிருந்து கண்ணெடுக்கவில்லை. நண்பன் புத்தகத்தை என்னிடம் நீட்டினான்.

"முதல் பக்கத்தை மட்டும் நீங்களே வாசியுங்கள், சாமி. மிச்சத்தை வீட்டில் நான் பார்த்துக்கொள்கிறேன்."

அந்தக் கூட்டத்தின் நடுவே, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்து, உரக்க வாசிக்கத் தொடங்கினேன்.